தண்ணீர் குடிக்காமல் போய் ஸ்கேன் எடுத்த கதை

நிழல்மரம்:

எடை குறைக்க ஆரம்பித்த அன்று ஜிம்மில் உடம்புக் கொழுப்பை அளக்க வைத்திருக்கும் அந்த உயரமான மெஷினில் வெறுங்காலோடு ஏறி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அப்போது வந்த தாள் இன்னும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. எடை 92.4 கிலோ, கொழுப்பு 33.9 சதவீதம். அதாவது 31.3 கிலோ கொழுப்பு. தசை, எலும்பு, ரத்தம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து மீதி 61.1 கிலோ.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். அதற்கு முந்தின நாள் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எடை கொஞ்சம் இறங்கித் தெரியட்டுமே என்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரை நிறுத்திவிட்டேன். காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் எடை 85.8! டிரெய்னர் கை குலுக்கினார். தாள் வெளியே வந்ததும் அவர் முகம் மாறியது. கொழுப்பு 32.6 சதவீதம். கணக்குப் போட்டால், போன 6.6 கிலோவில் கொழுப்பு 3.3, மற்றது 3.3. பாதிக்குப் பாதி. "தசை கரையுது சார்" என்று சொல்லி, கையோடு ஒரு பவுடர் டப்பாவையும் எடுத்துக் காட்டினார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் வயிற்றைக் கட்டியது இதற்குத்தானா என்று ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்து இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். உடம்புக்குள் உணரவே முடியாத அளவு சின்ன கரண்டை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று மட்டும்தான் அது பார்க்கிறது. தண்ணீரும் உப்பும் உள்ள தசையில் கரண்ட் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. தடையிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து கொழுப்பில்லாத எடை, அதை மொத்தத்தில் கழித்தால் கொழுப்பு. இடையில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: கொழுப்பில்லாத பகுதியில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் குறைந்தவனுக்குத் தாளில் கிட்டத்தட்ட 1.4 கிலோ 'தசை' காணாமல் போகும். எடையோ ஒரு கிலோதான் இறங்கியிருக்கும். கணக்கு இடிக்கக் கூடாதே, அந்த வித்தியாசத்தைக் கொழுப்பின் தலையில் ஏற்றிவிடும்.

ஒரு வாரம் கழித்து, வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, அதே மெஷினில் ஏறினேன். எடை 87.0, கொழுப்பு 31.7 சதவீதம். இப்போது போனது 5.4 கிலோ, அதில் கொழுப்பு 3.7, மற்றது 1.7. ஒரு லிட்டர் சொச்சம் தண்ணீரில் என் மூன்று மாதக் கதையே மாறிவிட்டது. இருந்தாலும் அந்த 1.7 உறுத்துகிறது. இதுவரை நடை மட்டும்தான், எடை தூக்கும் பயிற்சி எதுவும் செய்யவில்லை. உங்களுக்கு எல்லாம் எப்படி?

பழையசைக்கிள்:

அண்ணா, என் வீட்டு எடை மெஷின் கதையைக் கேட்டால் உங்கள் மெஷினைக் கோயில் கட்டிக் கும்பிடுவீர்கள். கண்ணாடித் தட்டு, நாலு உலோகப் பட்டை, மொபைலில் ஆப். ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஏறி, கொழுப்பு சதவீதத்தைப் பரீட்சை மார்க் மாதிரி குறித்துவைத்தேன். ஒரு நாள் 24.1, மறுநாள் 25.6. ராத்திரி என்ன பாவம் செய்தோம் என்று யோசித்தபடியே பல் தேய்ப்பேன்.

ஒரு நாள் விளையாட்டாக ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்பதைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினேன். அதே கால், அதே நிமிடம், கொழுப்பு ஆறு சதவீதப் புள்ளி குறைந்துவிட்டது! அப்புறம் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டினேன், இன்னும் இறங்கியது. வயதை இருபது ஆக்கினேன், இன்னும் கொஞ்சம். பாத்ரூம் வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் ஒலிம்பிக் ஓட்டக்காரன் ஆகிவிட்டேன்.

விஷயம் இதுதான். கால் வழியாக மட்டும் அளக்கும் மெஷினில் கரண்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். தொப்பைப் பக்கம் அது சரியாக எட்டிப் பார்ப்பதே இல்லை. இடுப்புக்கு மேலே உள்ளதை வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒரு சூத்திரம் ஊகிக்கிறது. இப்போது அந்த மெஷினில் எடையை மட்டும் பார்க்கிறேன், அதிலும் வாரச் சராசரியைத்தான்.

குட்டிமேகம்:

தம்பி நிழல்மரம், நான் எடுத்தது டெக்ஸா, அதாவது எக்ஸ்ரேயால் உடம்பை அளக்கும் ஸ்கேன். ஐம்பத்து மூன்று வயதில், பதினோரு கிலோ குறைத்த பிறகு, கொழுப்பு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் போனேன்.

உள்ளே போனதும் கம்மல், கைக்கடிகாரம், கொக்கி வைத்த உள்ளாடை, எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். உலோகம் இருந்தால் எலும்பு என்று எண்ணிவிடுமாம். மெத்தென்ற மேஜையில் மல்லாந்து படுக்கவைத்து, கையை உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை தொடையில் ஒட்டாதபடி வைத்தார் அந்தப் பெண். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டை. மேலே ஒரு கை மாதிரியான கருவி தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஊர்ந்தது. எம்.ஆர்.ஐ. மாதிரி குகைக்குள் நுழைவது எல்லாம் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்ததுதான் பெரிய சோதனை.

எக்ஸ்ரே என்றதும் எனக்கும் பயம்தான். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேக்களை அனுப்பி, எலும்பு, கொழுப்பு, மற்ற சதை ஆகியவை எதை எவ்வளவு மறிக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் முறை இது. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் வந்து சேரும் கதிர்வீச்சின் அளவுதான் இதிலும் என்றார்கள். ஆனாலும் கர்ப்பமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது, சந்தோஷம். ஆனால் தாளின் கடைசிப் பக்கத்தில் எலும்பு பற்றிய எண் கொஞ்சம் மோசம். டெக்ஸா முதலில் வந்ததே எலும்புக்காகத்தானே, கொழுப்பு அப்புறம் ஒட்டிக்கொண்டது. முழு உடல் ஸ்கேனை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று டாக்டர் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் தனியாக எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியை இளவயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 1.6. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 ஆனால் எலும்புப்புரை, நான் நடுவில் நிற்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு குறையும் என்று தெரியும். எடை குறைக்கும்போதும் கூடவே எலும்பு கொஞ்சம் போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். என் மகனுக்கு அதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

மலையளவு:

அக்கா சொன்ன மேஜையில் என் கதை வேறு. அப்போது நான் 148 கிலோ. மேஜைக்கு எடை வரம்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. வரம்புக்குள் இருந்தேன், ஆனால் அகலம் பத்தவில்லை. ஸ்கேன் ஆகும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இடது கை தொங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. இயக்கியவர் ஒன்றுமே நடக்காத மாதிரி, "கொஞ்சம் நகர்ந்து படுங்க, வலது பக்கத்தை மட்டும் முழுசா எடுத்துக்கறேன்" என்றார். வலது பாதியை அளந்து, இடதும் அதே மாதிரிதான் என்று மெஷின் கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். 131 கிலோவுக்கு வந்தபோது இரண்டு கையும் உள்ளே அடங்கின. அந்தத் தாளில் வேறு என்ன எண்கள் இருந்தன என்று எனக்கு ஞாபகமே இல்லை.

நாலாம்பக்கம்:

ஒன்பது வருடமாக டெக்ஸா இயக்குகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. முப்பது பேரை ஆளுக்கு இரண்டு முறை, அல்லது பதினைந்து பேரை ஆளுக்கு மூன்று முறை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் மேஜையிலிருந்து இறக்கி, மறுபடி ஏற்றிப் படுக்கவைக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் யாருக்கும் தசை வளராது, ஆனாலும் எண் மாறும். எவ்வளவு மாறுகிறதோ அதுதான் என் கைப்பிழை. கொழுப்பில்லாத எடையில் இது 2 சதவீதத்தையும், கொழுப்பில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது விதி. எனக்குக் கொழுப்பில்லாத எடையில் 0.8 வந்தது, பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது அந்தப் பிழையை 2.77 ஆல் பெருக்க வேண்டும். நிழல்மரம் சார் மாதிரி 60 கிலோ கொழுப்பில்லாத எடை உள்ளவருக்கு, நான் எடுத்தாலும் 1.3 கிலோவுக்குக் குறைவான மாற்றத்தை மாற்றம் என்றே சொல்ல மாட்டேன். விதி அனுமதிக்கும் உச்சப் பிழையோடு ஒருவர் எடுத்தால் அந்த எல்லை 3.3 கிலோ! கரண்ட் மெஷினில் தண்ணீரின் ஆட்டம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே சார், உங்கள் 1.7 கிலோவை நான் 'தசை இழப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். டெக்ஸா சொல்லும் கொழுப்பில்லாத எடையிலும் தண்ணீர், ஈரல், குடல் எல்லாம் உண்டு, தனித் தசை இல்லை. எடை குறைக்கும் ஆரம்ப வாரங்களில் தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இறங்கும். அது கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். அதுவும் தாளில் 'தசை' கணக்கில்தான் விழும்.

அதற்காகத் தசை போகவில்லை என்றும் சொல்லவில்லை. பயிற்சி இல்லாமல் பட்டினி மட்டும் கிடந்து ஸ்கேனுக்கு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். குறைந்த எடையில் கால்வாசி கொழுப்பில்லாத பகுதியாக இருப்பது சாதாரணம். எடை தூக்கி, புரதமும் போதுமான அளவு சாப்பிடுபவர்களிடம் அது நன்றாகவே குறைகிறது.

மற்றபடி நான் எல்லாரிடமும் கெஞ்சுவது ஒன்றுதான். அதே மெஷின், அதே காலை நேரம், வெறும் வயிறு, சிறுநீர் கழித்துவிட்டு, முந்தின நாள் கடும் பயிற்சி இல்லாமல், தண்ணீர் வழக்கம்போல. பெண்கள் மாதச் சுழற்சியில் அதே வாரம் வந்தால் இன்னும் நல்லது. இடைவெளி மூன்று மாதம் விடுங்கள். மாதாமாதம் வருபவர்களுக்கு என் பிழையைத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கரண்ட் மெஷினில் ஏறவே வேண்டாம். ஒரு இடத்தில் கரண்ட் மெஷின், அடுத்த முறை டெக்ஸா என்று எடுத்துக்கொண்டு வந்து இரண்டையும் கழித்துக் காட்டினால், தயவுசெய்து, என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

ஊதாப்பூ:

எனக்கு இது ஒத்துவரவில்லை. முன்பு சாப்பாட்டு விஷயத்தில் மனம் ரொம்பச் சிக்கலாக இருந்து வெளியே வந்தவள் நான். மூன்று ஸ்கேன் எடுத்தேன். மூன்றாவதில் 27 சதவீதம் என்று பார்த்ததும் 22 ஆக்க வேண்டும் என்று மண்டைக்குள் ஒரு குரல். பெண்ணுடம்புக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதக் கொழுப்பு உயிரோடு இருக்கவே தேவை என்று தெரிந்த பிறகும் அந்தக் குரல் அடங்கவில்லை. தாள்களைத் தோழியிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். தையல் நாடாவை இடுப்பில் சுற்றி மாதம் ஒரு முறை பார்க்கிறேன், உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. எனக்கு அது போதும்.

பழையசைக்கிள்:

ஊதாப்பூ, நல்ல வேலை செய்தீர்கள்.

நாலாம்பக்கம் சார், தண்ணீருக்குள் முக்கி எடுத்து அளப்பார்களே, அதை யாராவது செய்திருக்கிறீர்களா என்று கேட்க வந்தேன். என் நண்பன் ஓர் ஆராய்ச்சிக்காகப் போனான். தொட்டிக்குள் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, நுரையீரலில் உள்ள காற்றை எல்லாம் ஊதி வெளியே விட்டு, தலையையும் முக்கி அசையாமல் இருக்க வேண்டுமாம். மூச்சை இழுத்துக்கொண்டு முங்கத்தான் நமக்கெல்லாம் பழக்கம், விட்டுவிட்டு முங்கச் சொன்னால்? நாலாவது முறைதான் சரியாக வந்ததாம். கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதெல்லாம் சேர்ந்து 1.1, கொழுப்பு அதிகமானால் அதிகம் மிதப்பாய் என்று கரையேறியதும் எனக்கு ஆர்க்கிமிடீஸ் பாடம் எடுத்தான்.

நிழல்மரம்:

எல்லாருக்கும் நன்றி. நாலாம்பக்கம் சார், அந்த 2.77 கணக்கைப் படித்ததும் அலமாரிக் கதவைத் திறந்து, 3.3 என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். பவுடர் டப்பா திறக்காமலே இருக்கிறது, டிரெய்னர் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

குட்டிமேகம் அக்கா சொன்ன பிறகு எடை தூக்க ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஆறு வாரம். அதே மெஷின், காலை ஏழரை. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்வேன்.