புதிய கேஸ் ஃபயர்: குழாயை எந்த வழியாக மறைத்துக் கொண்டு வருவது?

வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு எங்களுடையது. வரவேற்பறையின் பழைய கேஸ் ஃபயரை (அறையைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பு) எடுத்துவிட்டு, சுவருக்குள் பொருந்தும் புதியது வைக்கப் போகிறோம். இப்போது 8 மி.மீ. செம்புக் குழாய் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடிப்பலகை) மேலேயே ஓடுகிறது. அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

வேலையைக் கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயு வேலைக்காரர் பதிவேடு) பதிவு பெற்றவர்தான் செய்வார், அதில் மாற்றமில்லை. ஆனால் பூச்சு வேலைக்கு ஆள் வருவதற்குள் வழியை முடிவு செய்ய வேண்டும். மரத்தரைக்கு அடியில் கொண்டுவந்து, சுவரைத் துளைக்கும் இடத்தில் உறை போட்டு உள்ளே ஏற்றலாம் என்று நினைக்கிறோம். சிக்கல், ஃபயருக்கு முன்னால் உள்ள கல் மேடைதான். அதன் கீழே கான்கிரீட். சிமென்ட் பட்டால் செம்பு அரித்துவிடும், பிளாஸ்டிக் பூச்சுள்ள குழாய்தான் போட வேண்டும். அந்தக் கான்கிரீட்டை வெட்டினீர்களா, சுற்றிக் கொண்டுபோனீர்களா?

அப்புறம், கேஸ் மீட்டரிலிருந்து ஃபயருக்கு 9 மீட்டர் தூரம், பாய்லரும் அதே குழாயில். அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாதே. மீட்டரிலிருந்தே தனிக் குழாய் இழுத்தவர்கள் உண்டா? அடைப்பு வால்வைக் கை எட்டும்படி, ஆனால் கண்ணில் படாதபடி எங்கே வைத்தீர்கள்? பூசுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.