ஏற்காட்டிலிருந்து கிளாட் எழுதலாமா? தமிழ் மீடியம், கையில் ஆறு மாதம்

காப்பிக்காட்டுப் பிள்ளை:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். நாங்கள் மலையாளி. கேரளா இல்லை, சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலையாளிப் பழங்குடி. கீழே இறங்கினாலே இதை விளக்க வேண்டியிருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு சட்டம் படிக்க வேண்டும். அதற்குத் தேசியச் சட்டப் பல்கலைகளில் சேர ஆங்கிலத்தில் நடக்கிற கிளாட் நுழைவுத் தேர்வை எழுதலாம் என்று இருக்கிறேன். தாத்தா மிளகுக்கொடி ஏற்றிவிட்ட சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற இடத்துக்கு இன்னும் எங்களிடம் காகிதம் இல்லை. காட்டில் தலைமுறையாக இருப்பவர்களுக்கு நில உரிமை தருகிற வன உரிமைச் சட்டம் 2006லேயே வந்துவிட்டது என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியும். அப்பாவுக்கு அதுவும் நான் சொல்லித்தான் தெரியும்.

சேலத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா அங்கிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பழைய கேள்வித்தாளை போனில் இறக்கி, கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. நான் தொட்டதே 41. 450 வார்த்தை வருகிற ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. கணக்கு மட்டும் பரவாயில்லை.

கோச்சிங் இல்லாமல் முடியுமா? வேகமாகப் படிக்க என்ன செய்தீர்கள்? சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? இன்னொன்று, பரீட்சை டிசம்பர் முதல் வாரம். எங்களுக்கு அது காப்பிப் பழம் பறிக்கிற நேரம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எடப்பாடி எக்ஸ்பிரஸ்:

தமிழ் மீடியத்துக்கு ஆறு மாதம் பத்தாது தங்கச்சி. ஒரு வருடம் டிராப் எடுத்து டெல்லி ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்துவிடு. என் நண்பன் அப்படித்தான் செய்தான்.

ஆத்தூர் மரவள்ளி:

எடப்பாடி அண்ணா, நாகலூரில் மழை பெய்தால் டவர் இருக்குமா என்று கேட்டுவிட்டு ஆன்லைன் கோர்ஸ் சொல்லுங்கள். தங்கச்சி, டிராப் எல்லாம் இப்போது யோசிக்காதே. நானும் தமிழ் மீடியம்தான். அப்பாவுக்கு ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லில் வேலை. இப்போது ஒரு தேசியச் சட்டப் பல்கலையில் மூன்றாம் வருடம்.

என் முதல் முயற்சியில் நான் தொட்டது 38. உன்னைவிட மூன்று குறைவு.

என் பிரச்சினை சட்டம் இல்லை, இங்கிலீஷ் இலக்கணமும் இல்லை. கண் ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று, உள்ளே தமிழில் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அதை உடைக்க நான் போனது பழைய பேப்பர் கடைக்கு. ஐந்து கிலோ ஆங்கில நாளிதழ் வாங்கினேன். தேதி பழசானால் என்ன, படிக்கிற பழக்கத்துக்குப் போதும். தினமும் இரண்டு தலையங்கம், பக்கத்தில் கடிகாரம். முதல் நாள் ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. தெரியாத வார்த்தைக்கு நடுவில் நிற்கக் கூடாது, பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முடித்ததும் பேப்பரைக் கவிழ்த்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரே வரியில் எழுதுவேன். அந்த வரி வரவில்லையென்றால் படித்தது கணக்கில் இல்லை. ஒன்றரை மாதத்தில் நான்கு நிமிடத்துக்கு வந்தது. நடப்பு நிகழ்வுகளுக்கு மட்டும் பழைய பேப்பர் உதவாது, அதற்குப் புதுசு வேண்டும். கேள்வித்தாளில் அது கால்வாசிப் பங்கு, விட்டுவிடாதே.

அடுத்து சட்டப் பகுதி. இங்கேதான் நான் நன்றாக அடி வாங்கினேன். சொல்கிறேன், சிரிக்காதே.

ஒரு மாதிரித் தேர்வில் ஒரு பத்தி வந்தது. ஆபத்தான ஒன்றை ஒருவர் தன் நிலத்தில் வைத்திருந்து அது வெளியேறி அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. ஆனால் யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம் காரணமென்றால் விலக்கு உண்டு. அடியில் கேள்வி: ஆலைத் தொட்டி உடைந்து கழிவு பக்கத்து வயலில் பாய்கிறது, காரணம் அப்படிப்பட்ட ஒரு வெள்ளம். எனக்கு உடனே எங்கள் ஊர் ஜவ்வரிசி மில்லும் அந்தப் புளித்த வாடையும்தான் ஞாபகம் வந்தது. கைடில் வேறு, ஆபத்தான தொழிலுக்கு விலக்கே கிடையாது என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லிவிட்டதைப் படித்திருந்தேன். ஆஹா, தெரிந்த கேள்வி என்று மில்காரரைப் பொறுப்பாக்கினேன். அதையொட்டிய மூன்று கேள்வியும் தப்பு. மூன்று மதிப்பெண் போனதோடு தப்புக்குக் கால் மதிப்பெண் வீதம் முக்காலும் கழிந்தது.

ஏனென்றால் பத்தியில் இருந்தது பழைய விதி மட்டும், 1868ல் இங்கிலாந்தில் முடிந்த ரைலண்ட்ஸ் வழக்கின் விதி. (அந்த வழக்கும் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்துக்குள் தண்ணீர் போன கதைதான்.) பத்தி விலக்கு உண்டு என்றால் உண்டு. உனக்குத் தெரிந்த சட்டத்தையும், யார் பாவம் என்ற நினைப்பையும் ஹாலுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிடு. நீ நில விஷயத்தை மனதில் வைத்து வருகிறவள், காடு, பழங்குடி என்று ஒரு பத்தி வந்தால் உனக்கு இது கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மனப்பாடம் எதுவும் வேண்டாம்.

2020க்கு முந்தைய கேள்வித்தாள் யாராவது கொடுத்தால் வாங்காதே. அப்போது 200 கேள்வி, சட்ட அறிவை நேரடியாகக் கேட்பார்கள். அது வேறு பரீட்சை. கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், 10 முதல் 14 கேள்வி. அதை முதலில் முடித்துவிட்டால் கை நடுக்கம் போகும்.

விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். எஸ்.டி.க்கு 3,500 ரூபாய், பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். அப்புறம், ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010ல் தொடங்கிய ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு, வசதியில்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கிறது. எழுதிக் கேள்.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:

கண்ணு, நான் முப்பது வருடமாக சேலம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. ஆத்தூர் பாப்பா சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிளாட் ஒன்றே வழி என்று நினைத்துவிடாதே. நம் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். சேலத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்கிறாய், 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. கிளாட்டுக்குப் படிக்கிறேன் என்று பிளஸ் டூவில் கோட்டை விட்டால் இரண்டும் போகும்.

சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை வழக்கையும் படித்து வை. நிலம் எடுத்த அறிவிப்பை உயர் நீதிமன்றம் 2019ல் ரத்து செய்தது, 2020ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பரீட்சையில் வருமோ வராதோ, உனக்கு வேண்டிய வழக்கு.

காப்பிக்காட்டுப் பிள்ளை:

அக்கா, குமாஸ்தா ஐயா, ரொம்ப நன்றி. செருப்பு விஷயத்தை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

நேற்று ஒரு தலையங்கம், 11 நிமிடம். பஸ்ஸில் இன்னொன்று படிக்கலாம் என்று முயற்சி செய்தேன். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே குமட்டிவிட்டது, ஜன்னல் ஓரம் கிடைத்ததால் தப்பித்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் பறிப்புக்கு வர வேண்டாமாம், முடிந்து வந்த மறுநாள் கூடையைத் தூக்கிவிட வேண்டுமாம். சரி என்றுவிட்டேன். ஐயா, இங்கே ஆங்கிலப் பேப்பர் எடைக்குக் கிடைக்கவில்லை. சேலத்தில் எந்தப் பக்கம் கேட்கலாம்?

அஸ்தம்பட்டி குமாஸ்தா:

காசு கொடுத்து வாங்காதே கண்ணு. எங்கள் ஆபீஸ் பரணில் ஒரு வருடத்துப் பேப்பர் கிடக்கிறது, சீனியர் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை அப்பாவோடு வா. ஏற்காடு பஸ் அஸ்தம்பட்டியில் நிற்கும். சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.