தெர்மல் ரன்அவே: டார்ச் எச்சரிக்கைத் தாளுக்கு ஒரு சொல் தேவை

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். 18650 (18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம்) லித்தியம் அயான் செல் போடும் டார்ச் லைட்டின் பெட்டிக்குள் வைக்க வேண்டிய எச்சரிக்கைத் தாள் ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போயாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, செல் கட்டுமீறித் தானே சூடேறிக்கொண்டே போவதைக் குறிக்கும் 'தெர்மல் ரன்அவே' மட்டும் ஐந்து இடங்களில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பழைய வரைவில் 'வெப்ப ஓடிப்போதல்' என்று போட்டிருக்கிறார்கள். யாரோடு ஓடிப்போனது என்று கேட்பார்கள். தாள் உள்ளங்கை அகலம்தான், ஆகவே இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

மா. எழுதியது:

நடப்பது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். செல்லின் சூடு 80, 90 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கிராஃபைட் மின்வாயின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவும் வெப்பத்தைத் தரும். 130 வாக்கில் நடுவிலுள்ள பாலிஎத்திலின் பிரிப்புத் தாள் உருகும். அது சுருங்கினால் இரு மின்வாய்களும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். 200ஐ நெருங்கும்போது பல வகைச் செல்களில் நேர்மின்வாயின் ஆக்சைடே ஆக்சிஜனை விடும். ஒரு படியில் பிறக்கும் வெப்பம் அடுத்த படியைத் தூண்டுகிறது. வெளியேறுவதைவிட உண்டாவது மிகுந்துவிட்டால் சுவிட்சை அணைத்தும் பயனில்லை. ஆகவே சொல்லில் 'ஓட்டம்' வராவிட்டால் குறையில்லை, தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது என்பது வர வேண்டும். என் முன்மொழிவு: தற்பெருக்கு வெப்பேற்றம்.

இரா. எழுதியது:

மா. அவர்களின் ஆக்கம் முறையானது, ஆனால் கூட்டுவட்டிக் கணக்கின் வாடை அடிக்கிறது. நம்மிடம் 'தெறு' என்ற வினை சும்மா கிடக்கிறது. 674ஆம் குறளில் 'தீயெச்சம் போலத் தெறும்' என்று வருகிறதே, அந்தத் தெறுதல். சுடுவதும் அழிப்பதும் ஒரே சொல்லில் அடங்கும். அணைந்துவிட்டது என்று நினைத்த செல் சிறிது நேரம் கழித்து மறுபடி பற்றுகிறது என்கிறார்களே, தீயெச்சம் என்பது வேறென்ன? தெறி, தெறிப்பு எல்லாம் இதன் கிளைகள் என்றே கருதுகிறேன். ஆகவே 'தன்தெறல்'. சுருக்கம், தூய தமிழ், வடமொழிக் கலப்பும் இல்லை.

கு. எழுதியது:

ஐயா, கொம்பில் ஒரு சுழி கூடினால் தேறல், கள்ளாகிவிடும். எட்டுப் புள்ளி எழுத்தில் அச்சுக்காரர் அதைத்தான் செய்வார்.

சொல் எதுவாகவும் இருக்கட்டும், அதற்கு முன்னால் வரும் வரிகளை ஒருமுறை பாருங்கள். 'செல்லைச் சேதப்படுத்தாதீர்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எது சேதம்? 18650இன் அடிப்பக்கம் மட்டுமல்ல, பக்கச் சுவர் முழுவதும் எதிர்முனைதான். மேல்விளிம்பில் நேர்முனைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு காப்பு வளையமும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை அங்கே நகக்கண் அளவு கிழிந்து, வளையமும் நகர்ந்திருந்தால், சட்டைப்பையில் சாவியோ சில்லறையோ பட்டாலே ஷார்ட். காப்புச் சர்க்யூட் (மிகை சார்ஜ், ஷார்ட் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு மின்சுற்று) வைத்த செல்லாக இருந்தால் இன்னொரு வம்பும் உண்டு. உறைக்கு அடியில் ஒரு மெல்லிய உலோகப் பட்டை மேலிருந்து கீழ்வரை ஓடும். அந்தச் சர்க்யூட்டால் செல்லின் நீளம் 65 மி.மீ. போய் 68, 70 ஆகிவிடும். 65க்கு அளவெடுத்த டார்ச் குழாயில் அதைத் திணித்து மூடியை முறுக்கினால் பட்டை நசுங்கும், சர்க்யூட் தட்டும் பெயரும்.

சார்ஜ் விஷயத்தில் 4.2 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று எழுதியது சரி. கீழ் எல்லையைக் காணோம். 2.5க்குக் கீழே இறங்கி நாள் கணக்கில் கிடந்த செல்லில் எதிர்மின்வாயின் செப்புத் தகடு கரைந்திருக்கலாம். அதை மறுபடி சார்ஜ் ஏற்றினால் செம்பு உள்ளே படிந்து ஷார்ட்டுக்கு வழி செய்யும். 'உயிர் கொடுக்கிறேன்' என்று கம்பி வைத்துத் தட்டி எழுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம் என்று எழுதுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் கூடாது என்பதையும் சேருங்கள், மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அது தேவை. உறையில் 9,900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, செல்லின் கொள்ளளவு) என்று அச்சிட்ட 18650ஐக் கண்டால் வாங்காமல் வந்துவிடலாம். அந்த அளவுக் குழாயில் அதில் பாதி கொள்வதே பெரும்பாடு.

ம. எழுதியது (யாழ்ப்பாணம்):

வணக்கம். ஒரு அவசரத் திருத்தம். தாளில் 'லித்தியம் பேட்டரி' என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். சிஆர்123ஏ என்பதும் லித்தியம்தான், 3 வோல்ட், ஆனால் அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. அதே பருமனில் வரும் 16340ஐச் சார்ஜ் பண்ணலாம், அது நிறைந்தால் 4.2. இரண்டு சிஆர்123ஏ கேட்கும் டார்ச்சில் இரண்டு 16340ஐப் போட்டால் 6 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 8.4 போகும். 'மீளேற்றும் கலம்', 'மீளேற்றாக் கலம்' என்று பிரித்தே எழுத வேண்டும். உங்களுடைய தெறலைவிட இது முக்கியம்.

சிஆர்123ஏயில் இன்னொன்று. புதிதும் பழையதும் கலந்து போடுவதுதான் பெரிய ஆபத்து. பழையது முதலில் தீர்ந்துவிடும். புதியது மின்னோட்டத்தை அதனூடாகத் தள்ளிக்கொண்டே இருக்க, தீர்ந்த கலம் முனை மாறிச் சூடேறும். ஒரே நிறுவனத்தில் ஒரே தேதி போட்ட இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சும்மா மீற்றர் வைத்துப் பார்த்தால் பழையதும் 3 வோல்ட் காட்டும். சுமை கொடுத்து அளந்தால்தான் தெரியும்.

பி.கு.: எங்கட பக்கம் டார்ச்சுக்கு 'மின்சூள்' என்று ஒரு சொல் உண்டு. சூள் என்றால் பந்தம். பேட்டரிக்குப் 'பற்றரி'.

இரா. எழுதியது:

மின்சூள்! என்ன அழகு. சூளுந்து, சூளை எல்லாம் ஒரே குடும்பம். சூள் என்றால் சபதம் என்றும் பொருள் உண்டு, தீயின் முன் உரைப்பதால் வந்ததோ என்று...

கு. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

நா. எழுதியது:

'தறிகெட்டு ஓடுகிறது' என்று நாம் பேச்சில் சொல்வதில் எல்லாம் இருக்கிறதே? தறி என்பது மாட்டையும் யானையையும் கட்டும் முளை. கட்டு அறுந்து போனது, இனிப் பிடிக்க முடியாது. 'வெப்பத் தறிகேடு' என்று வைக்கலாமா?

இரா. எழுதியது:

கெடு என்பது கேடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் கரூரிலோ ஈரோட்டிலோ 'தறிகேடு' என்றால் விசைத்தறி நின்றுபோனது என்பார்கள்.

மா. எழுதியது:

என் எதிர்ப்பு வேறு. தறிகெட்டது என்றால் குழப்பம், ஒழுங்கின்மை. இங்கே நடப்பது படிப்படியான வினைத்தொடர். மாணவன் 'தற்பெருக்கு' என்று படித்தால் காரணத்தைப் பிடிப்பான், 'தறிகேடு' என்று படித்தால் விளைவை மட்டும் பிடிப்பான்.

கு. எழுதியது:

டார்ச் வாங்குகிறவருக்கு விளைவு தெரிந்தால் போதும் சார். வெட்டவெளியில் ஒரு செல் காற்றுத்துளை வழியே வாயுவைக் கக்கிவிட்டுப் போகலாம். டார்ச்சில் நீர் புகாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருக்கிறது, வாயு போக இடமில்லை. அழுத்தம் தாங்காமல் முன்கண்ணாடியோ பின்மூடியோ குண்டுபோலப் பறக்கும். ஆகவே அந்தப் பகுதியில் நான் கேட்பது இவ்வளவுதான். டார்ச் காரணமில்லாமல் சுட்டாலோ, சீறினாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் நெடி வந்தாலோ திறக்கக் கூடாது. இரு முனைகளையும் ஆளில்லாத பக்கம் திருப்பி, வெட்டவெளியில் வைத்துவிட்டு விலக வேண்டும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூச்சில் இழுக்கக் கூடாது. லித்தியம் அயான் செல் பற்றினால் தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் விடலாம், பக்கத்துச் செல் சூடேறாமல் இருக்கத்தான். பையில் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல டார்ச்களில் இணைப்பு அறுந்துவிடும், தானாக எரிந்து சூடேறாது.

செ. எழுதியது:

நன்றி. கு., ம. சொன்னதெல்லாம் தாளில் ஏறிவிட்டது, எழுத்தை ஏழரைப் புள்ளி ஆக்க வேண்டியதாயிற்று. தறிகேட்டுக்கு நால்வர், தற்பெருக்குக்கு இருவர், தன்தெறலுக்கு ஒருவர் (இரா. ஐயா). முதல் இடத்தில் 'வெப்பத் தறிகேடு: ஒருமுறை தொடங்கினால் நிற்காத சூடேற்றம்' என்றும், மற்ற நான்கில் 'வெப்பத் தறிகேடு' என்று மட்டும் போடுகிறேன். மின்சூள் நுழையவில்லை, டார்ச் டார்ச்சாகவே இருக்கிறது.

ம. எழுதியது:

இலங்கைப் பதிப்பு வந்தால் பேட்டரியைப் பற்றரி ஆக்கிவிடுங்கள்.

மா. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். வகுப்பில் 'தற்பெருக்கு வெப்பேற்றம்' என்றே சொல்வேன்.

இரா. எழுதியது:

'சூடேற்றம்' என்பதில் ஒரு ஐயம். ஏற்றம் பிறவினை, இங்கே ஏற்றுபவர் யாருமில்லை, தானே ஏறுகிறது. 'சூடேறல்' அல்லவா சரி? அச்சுக்குப் போய்விட்டதா?