மறுமொழி: சப்ரஸர் – ‘ஒலியடக்கி’யா, ‘ஒலிதணிப்பி’யா?

வணக்கம். துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் (suppressor) என்ற கருவிக்கு ‘ஒலிதணிப்பி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ஒலியடக்கி என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறதே, புதிதாக எதற்கு?

புழங்குகிறது, மறுக்கவில்லை. எனக்கு இடறுவது அதிலுள்ள ‘அடக்கி’தான்.

கதை இங்கே டெக்சாஸில் தொடங்கியது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் குறிபார்த்துச் சுடுவது பொழுதுபோக்கு. 10.5 அங்குலக் குழல் கொண்ட ரைஃபிள் ஒன்றை முறைப்படி பதிவு செய்து வைத்திருக்கிறார். அதற்குக் கடையில் ஒரு சப்ரஸர் வாங்குவது அடுத்த திட்டம். அதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே சொல் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டது.

போன மாதம் என்னைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதன்மேல் கவசம். அவர் வெறும் குழலில் சுட்டபோது, அத்தனையையும் மீறி நெஞ்சுக்கூட்டில் ஓர் அடி விழுந்தது. குழல் முனையில் பந்து போல நெருப்பு. குழல் குட்டையாக இருப்பதால் வெடிமருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. அழுத்தம் குறையாத வாயு பின்னாலேயே சீறிக்கொண்டு வருகிறது. பக்கத்து மேடையில் ஒருவர் சப்ரஸர் மாட்டிய துப்பாக்கியால் சுட்டார். கனமான கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு ‘டப்’, கூடவே சாட்டையைச் சொடுக்கிய மாதிரி இன்னொரு சத்தம். சினிமாவில் வரும் ‘புஸ்’ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சாட்டைச் சொடுக்கு குண்டினுடையது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இந்தக் குண்டு ஏறக்குறைய 800. ஒலியை முந்திப் போவதால்தான் அந்தச் சொடுக்கு. அந்தச் சத்தத்தைக் குழல் முனையில் எதை மாட்டினாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாயுவின் சீற்றத்தை மட்டும் சப்ரஸர் உள்ளே தேக்கி, கொஞ்சம் ஆறவைத்து வெளியே விடுகிறது. 160 டெசிபலைத் தாண்டும் சத்தம் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். அவ்வளவுதான். 140 டெசிபலைத் தொட்டால் ஒரே வெடியில்கூடக் காது கெடலாம் என்பதால் இந்தக் குறைப்பே பெரிய விஷயம். ஆனாலும் அங்கே யாரும் காதுக் கவசத்தைக் கழற்றவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘குக்கர் அடங்கட்டும்’ என்று அம்மா சொன்னால் ஆவி முழுக்கப் போகட்டும் என்று பொருள். மூச்சை அடக்கினால் மூச்சே இல்லை. நல்லடக்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம்! ‘தணி’ அப்படியில்லை. ‘சூடு தணிந்ததும் பாலைக் குடி’ என்றால் பால் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காய்ச்சல் தணிந்தவரையும் நாளைக்கே வேலைக்கு அனுப்ப மாட்டோம். தாகம் தணிந்தால் முழுக்கத் தீர்ந்ததாகத்தானே அர்த்தம் என்று ஒருவர் மடக்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ‘அடக்கி’யைப் படித்துவிட்டுக் காதுக் கவசத்தைக் கழற்றக்கூடிய வாசகர், ‘தணிப்பி’யைப் படித்தால் கொஞ்சம் யோசிப்பார்.

> சைலன்சர் என்றே எழுதினால் எல்லாருக்கும் புரியுமே?

எல்லாருக்கும் புரியும், ஆனால் வேறாகப் புரியும். நம் ஊரில் ‘புல்லட் சைலன்சர்’ என்று சொல்லிப் பாருங்கள், தெருவே அதிர வருகிற பைக்தான் நினைவுக்கு வரும். பைக் சைலன்சரும் துப்பாக்கி சைலன்சரும் உறவுக்காரர்கள்தான். 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், வண்டி எஞ்சின் சத்தத்தைக் குறைக்கவும் அதே வழியைக் கையாண்டவர். அப்பா மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி செய்தார், பிள்ளை சத்தத்தைக் குறைக்கப் போனார்! ‘சைலன்சர்’ அவர் சரக்கை விற்க வைத்த பெயர். விற்பவர் கூட்டித்தான் சொல்வார்.

ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் இருப்பது அந்த விற்பனைப் பெயர்தான். 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதையும், குட்டைக் குழல் கொண்ட ரைஃபிளையும் (இன்றைய கணக்கில் 16 அங்குலத்துக்குக் குறைந்தது) ஒரே பட்டியலில் வைத்து 200 டாலர் வரி போட்டது. 2026 ஜனவரி 1 முதல் இவ்விரண்டுக்கும் வரி சுழியம். ஆனால் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே சட்ட வாசகத்தைப் பெயர்க்கும் இடத்தில் ‘சைலன்சர்’ என்றே விட்டுவிட்டு, கருவியை விளக்கும் இடத்தில் நம் சொல்லைப் போடலாம் என்று நினைக்கிறேன்.

> ஒலித்தணிப்பான் என்று ‘த்’ வர வேண்டாமா?

வேண்டாம். ஒலியைத் தணிப்பது, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது. ‘ஆன்’ ஈறும் எனக்கு உவப்பில்லை. கருவிக்கு எதற்கு மீசை? கணினி, செயலி வரிசையில் ‘ஒலிதணிப்பி’ உட்காரும்.

குட்டைக் குழலுக்குக் ‘குறுங்குழல்’ என்று எழுதியிருக்கிறேன், அதில் யாருக்கும் தகராறு இருக்காது. ரைஃபிளை ரைஃபிளாகவே விட்டேன். கட்டுரை வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதுவரை யாரும் அடிக்க வராவிட்டால் முதல் இடத்தில் ‘ஒலிதணிப்பி எனப்படும் சப்ரஸர்’ என்று எழுதி, அப்புறம் ‘ஒலிதணிப்பி’ என்று மட்டும் போட்டுக்கொண்டு போகிறேன்.