எர்த்திங் முறையை மாற்றுவதற்கு ஒரு சொல்: ‘தொடுப்பு மாற்றம்’

வணக்கம். ஏற்கெனவே ஒயரிங் செய்த வீட்டின் எர்த்திங் முறையை (கருவிகளின் உலோக உறைகளில் கசியும் மின்னோட்டம் திரும்பிப் போக வழிசெய்யும் இணைப்பு) மாற்றியமைப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில், நண்பர் அண்ணாச்சி முன்வைத்த ‘புவியிணைப்புப் புதுப்பிப்பு’ என்ற சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் நெல்லைப் பக்கத்தில் ‘எர்த் மாத்தணும்’ என்று வீட்டுக்காரர் சொன்னால், குழியைத் தோண்டிப் புதிய ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்) இறக்கிக் கரியும் உப்பும் போடுவதையே அவர் பெரும்பாலும் கருதுகிறார். ‘புதுப்பிப்பு’ அந்த வேலைக்குத்தான் பொருந்தும். நாம் பேசுவதோ, கசியும் மின்னோட்டம் மின்மாற்றிக்குத் திரும்பிப் போகும் வழியையே மாற்றுகிற வேலையைப் பற்றி. ஆகவே ‘தொடுப்பு மாற்றம்’ என்பதை முன்மொழிகிறேன்.

எந்தத் தொடுப்பிலிருந்து எந்தத் தொடுப்புக்கு என்று சொல்ல வகைப்பெயர்களும் வேண்டும். பன்னாட்டு வழக்கில் டிடி, டிஎன்-எஸ், டிஎன்-சி-எஸ் என எழுதப்படுபவற்றில் முதலெழுத்து மின்மாற்றிக்கு நிலத்தோடுள்ள தொடர்பையும், இரண்டாம் எழுத்து வீட்டுக் கருவிகளின் உலோக உறைகள் எதனோடு சேர்கின்றன என்பதையும் காட்டுகின்றன. டிடி முறையில் வீட்டுக்காரரின் சொந்தக் குழியே துணை என்பதால் அதைத் ‘தன்னிலத் தொடுப்பு’ எனலாம். கசிவு மண்வழியே திரும்புவதால் மண்ணின் தன்மை இங்கே பெரிதும் முக்கியம்: அம்பாசமுத்திரத்து வயலோர ஈரமண்ணில் எளிதாகக் குறையும் தடை (மின்னோட்டத்துக்கு மண் காட்டும் எதிர்ப்பு), திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கோடைக்காலத்தில் எளிதில் குறையாது. குழியின் தடை 10 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட்டில் ஓடுவது ஏறத்தாழ 23 ஆம்பியர்தான். மின்னோட்டம் மிகுந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்சிபி அதை வழக்கமான சுமையாகவே கருதி விழாமல் நிற்கும். அதனால்தான் தன்னிலத் தொடுப்பில் போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இன்றியமையாததாகிறது.

டிஎன்-எஸ் முறைக்குத் ‘தனிக்கம்பித் தொடுப்பு’ என்பதில் இதுவரை யாரும் மாறுபடவில்லை. மின்மாற்றியிலிருந்தே நியூட்ரலுக்கு (மின்னோட்டம் வழக்கமாகத் திரும்பும் கம்பி) ஒன்று, எர்த்துக்கு ஒன்று என இரண்டும் தனித்தனியே வருவதைச் சொல் நேராகக் காட்டிவிடுகிறது.

சிக்கல் மூன்றாவதான டிஎன்-சி-எஸ் முறையில்தான். வழியில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வந்து, வீட்டின் நுழைவாயிலில் இரண்டாகப் பிரிவதால், நான் ‘பிரிகம்பித் தொடுப்பு’ என்கிறேன். வினைத்தொகையாக இருப்பது சொல்லைச் சுருக்கமாக வைக்கிறது. இதைக் கண்டு ஒயர்மேன் வீட்டுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடுவாரோ என்று நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமானது. குழி சரியில்லை என்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரைக் கொடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. போஸ்டிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்த அன்று, எரியும் விளக்கின் வழியாகவே மின்னழுத்தம் கிரைண்டரின் உறையிலும் பிரிட்ஜின் கதவிலும் ஏறிவிடும். மின்னோட்டத்தில் ஏற்றத்தாழ்வு ஏற்படாதவரை ஆர்சிசிபியும் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே விளக்கத்தில் ‘மின்வழங்குநர் எர்த் முனையை அளித்த இடத்தில் மட்டும்’ என்ற தொடரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் வழங்குநரே அத்தகைய முனையைத் தருகிறார். அங்கும் தன்னிலத்திலிருந்து அதற்கு மாறும்போது, குடிநீர், எரிவாயுக் குழாய்களைப் பிணைக்கும் செம்புக் கம்பி குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதால், முன்பிருந்த 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பல வீடுகளில் மாற்ற வேண்டியதாகிறது. குழாய்களைச் சேர்க்கும் இந்தப் பிணைப்பையும், எர்த் வழியாகிய தொடுப்பையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது என்று நான் முன்பே வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

‘எர்த்’ என்ற சொல்லை எவரும் கைவிட மாட்டார்கள், கைவிடவும் தேவையில்லை. ‘தன்னிலம்’ என்பது பட்டா நிலத்தை நினைவூட்டுகிறது என்று மட்டும் ஒருவர் சொன்னார், சிரித்துக்கொண்டேதான். ‘தன்குழித் தொடுப்பு’ என்று மாற்றினால் தட்டு எர்த் வைத்தவர்களும் (குழியில் பைப்புக்குப் பதில் உலோகத் தட்டைப் புதைத்தவர்கள்) மறுக்க மாட்டார்கள். ஆனால் குழியே இல்லாமல் கம்பியை நேரே அடித்து இறக்குபவர்களுக்கு அது பொருந்தாது என்பதால், ‘தன்னிலம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.