புதுப்பிப்பு: ஏசியில் கேஸ் குறையவில்லை, கெப்பாசிட்டர்தான் போயிருந்தது

ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாதது, 24-ல் வைத்தாலும் அறை 30-க்குக் கீழே இறங்கவில்லை, வந்து பார்த்தவர் கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜைக்கூட மாட்டாமல் கேஸ் போட 3,000 ரூபாய் கேட்கிறார் என்று போன வாரம் எழுதியிருந்தேனே, அது தீர்ந்துவிட்டது.

கேஸ் ஒன்றும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது, கசிந்தால்தான் குறையும். கசிந்திருந்தால் செம்புக் குழாய் நட்டில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். இங்கே காய்ந்து கிடந்தது. சரி என்று மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன் (மே மாத வெயிலில், வீட்டில் ஒரே சிரிப்பு). ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று சில நொடி முனகிவிட்டு ‘டக்’கென்று நின்றுவிடுகிறது, மூன்று தடவைக்கு ஒரு தடவை பிடித்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் வேறொரு மெக்கானிக் வந்து, கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். மேலே அச்சடித்திருப்பது 50 மைக்ரோஃபாரட், காட்டியது 31, தலையும் லேசாக உப்பியிருந்தது. புதிது மாட்டி ஒரு மணி நேரத்தில் அறை 25. கூலியோடு 700 ரூபாய்.

நீங்களே கழற்றப் போகாதீர்கள், மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.