பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் ஸ்பேர் வாங்குவது: அனுபவத்தில் தெரிந்தவற்றைப் பகிருங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் துறை)

லேசர் பிரிண்டர் சர்வீஸ்:

தாளில் ஒரே கறை திரும்பத் திரும்ப விழுந்தால் கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஸ்கேலை எடுங்கள். இரண்டு கறைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் கெட்டுப்போன உருளையின் சுற்றளவு. படம் உருவாகும் உருளையான டிரம்மின் விட்டம் 24 மி.மீ. என்றால் 75 மி.மீ.க்கு ஒருமுறை கறை வரும், 30 மி.மீ. என்றால் 94 மி.மீ. டெவலப்பர் ரோலர் (டிரம்முக்கு டோனர் பொடியைக் கொடுப்பது), டிரான்ஸ்ஃபர் ரோலர் (பொடியைத் தாளுக்கு மாற்றுவது), பியூசர் ஃபிலிம் (பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசரின் சுழலும் உறை), பிரஷர் ரோலர் (தாளை அதன்மேல் அழுத்துவது) ஒவ்வொன்றின் சுற்றளவும் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் அட்டவணையாக இருக்கும். சில உருளைகளுக்குள் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதனால் ஒரு இடைவெளியை மட்டும் அளக்காமல், முதல் கறையிலிருந்து நான்காவது கறை வரை அளந்து மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

இடைவெளி பிடிபடாத கறைகளும் உண்டு. அதற்குப் பாதி ஓட்டத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. டெஸ்ட் பேஜ் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் கதவைத் திறந்துவிடுங்கள். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால், பியூசருக்குள் இன்னும் போகாத பாதியில் டோனர் உருகாமல் வெறும் பொடியாகப் படிந்திருக்கும். ஊதிவிடாமல், தாளைக் கிடைமட்டமாகவே பிடித்து வெளியே எடுங்கள். பொடியாக இருக்கும் பகுதியில் படம் சுத்தமாக இருந்து, வெளியே வந்த பகுதியில் மட்டும் கறை இருந்தால் குற்றவாளி பியூசர். பொடியிலேயே கறை இருந்தால் டிரம் அல்லது டெவலப்பர் பக்கம் பாருங்கள். இரண்டே நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கிய கார்ட்ரிட்ஜ்கள் எத்தனையோ அலமாரியில் சும்மா கிடக்கின்றன.

காப்பியர் பராமரிப்பு:

நீளவாக்கில் மெல்லிய கோடு விழுகிறதா? கண்ணாடி மேல் தாளை வைத்து எடுத்தால் கோடு இல்லை, மேலே ஃபீடரில் போட்டால் மட்டும் கோடு வருகிறது என்றால் எந்த ஸ்பேரும் வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு ஒடுக்கமான கண்ணாடிப் பட்டை இருக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஒயிட்னர் துளியோ கோந்துத் துணுக்கோதான் கோடாக வருகிறது. ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள், போகவில்லை என்றால் நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும்.

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

கவுண்டருக்கு வருபவர்கள் மெஷின் பெயரைச் சொல்லித்தான் பாகம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பாகத்தின் எண்ணை. எச்பி லேசர்ஜெட்டில் எண்ணின் முதல் இரண்டு எழுத்தே நிறையச் சொல்லும். ஆர்எம் என்று தொடங்கினால் பல துண்டுகள் சேர்ந்த அசெம்பிளி, ஆர்எல் பெரும்பாலும் ரோலர், ஆர்சி தனி பிளாஸ்டிக் துண்டு. கேனனில் எஃப்எம் அசெம்பிளி, எஃப்சி தனிப் பாகம். ரிக்கோவில் ஏஇ01 பியூசரின் மேல் ரோலர், ஏஇ02 கீழே இருக்கும் பிரஷர் ரோலர், ஏஎஃப்03 பேப்பர் எடுக்கும் ரோலர்கள். ரோலர் ரப்பர் மட்டும் தேவைப்படும்போது முழு அசெம்பிளிக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம், அசெம்பிளி தேவைப்படும் இடத்தில் துண்டை வாங்கித் தவிக்கவும் வேண்டாம்.

பியூசர் வாங்கும்போது மட்டும் எண்ணை இரண்டு முறை படியுங்கள். லேசர்ஜெட் பி2035, பி2055 இரண்டுக்கும் ஆர்எம்1-6405 என்பது 110 வோல்ட், ஆர்எம்1-6406 என்பது 220 வோல்ட். 4250க்கு ஆர்எம்1-1082 என்பது 110, ஆர்எம்1-1083 என்பது 220. கடைசி ஒரு இலக்கம்தான் வேறு, உருவம் ஒன்றேதான், கனெக்டரும் பொருந்திவிடும். 110 வோல்ட் ஹீட்டருக்கு 220 வோல்ட் கொடுத்தால் நான்கு மடங்கு சக்தி இழுக்கும். மெஷினை ஆன் செய்த நொடியில் ஹீட்டர் போய்விடும், சில சமயம் பவர் போர்டையும் சேர்த்துக் கொண்டு போகும். இறக்குமதிச் சரக்கில் இந்தக் கலப்பு அடிக்கடி நடக்கிறது. விற்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் பியூசர் மேல் ஒட்டிய லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லேசர் பிரிண்டர் சர்வீஸ்:

பியூசரை முழுசாக மாற்றாமல் ஃபிலிம் மட்டும் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிலிமில் இரண்டு ரகம் உண்டு, பாலிமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக், உலோக அடிப்பகுதி கொண்டது. வேகமான மெஷினில் உலோக ஃபிலிம் இருந்த இடத்தில் பாலிமைடு போட்டால் கொஞ்ச நாளில் ஓரம் கிழிந்துவிடும். பழையதைக் கழற்றி, நீளம், விட்டம், ரகம் மூன்றும் பார்த்து வாங்குங்கள். கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. அதிக வெப்பம் தாங்கும் பியூசர் கிரீஸ் மட்டுமே. ஹீட்டர் பட்டையின் நீளத்துக்கு மெல்லிய ஒரு கோடு போதும். அதிகமானால் ஓரத்தில் வழிந்து பிரஷர் ரோலர் வழுக்கும். கியருக்குப் போடும் சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் காய்ந்து பிசினாகி ஃபிலிமை நிறுத்திவிடும்.

அலுவலகக் கொள்முதல்:

எங்கள் பிரிண்டரில் சில சமயம் தாளே எடுப்பதில்லை, சில சமயம் இரண்டு மூன்றாக வருகிறது. தாளை இழுக்கும் பிக்கப் ரோலரா, தாள்களைப் பிரித்துவிடும் செப்பரேஷன் பேடா, எதை வாங்குவது?

லேசர் பிரிண்டர் சர்வீஸ்:

இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள் சார். ரோலர் மேல் கட்டைவிரலை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிடிக்காமல் கண்ணாடி மாதிரி வழுக்கினால் ரப்பர் இறுகிவிட்டது. ஈரத் துணியால் துடைத்ததும் எடுக்க ஆரம்பித்துச் சில நாளில் மறுபடி நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பெட்ரோலும் தின்னரும் ரப்பரைக் கெடுத்துவிடும், தொடவே வேண்டாம். புது ரோலரோடு தேய்ந்த பேட் இருந்தால் ரோலரின் பிடி அதிகம், பேடின் தடுப்பு குறைவு. ஆகவே முன்பைவிட அதிகமாக இரண்டிரண்டாக வரும். பி2055 மாதிரியான மெஷினுக்கு ரோலர் ஆர்எம்1-6414, பேட் ஆர்எம்1-6397.

வாங்கும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டு தாளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வருகின்றனவா, அல்லது முதல் தாளின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தாள் இடைவெளியே இல்லாமல் பின்னால் வருகிறதா? ஒட்டி வந்தால் பேட். பின்னாலேயே வந்தால் சாலினாய்டு. ரோலரை ஒரு சுற்று மட்டும் சுற்றவிட்டு நிறுத்தும் சின்ன மின்காந்தம் அது. அதன் கை வந்து மோதும் இடத்தில் பஞ்சு மெத்தை ஒன்று இருக்கும். வருடக்கணக்கான சூட்டில் அது உருகித் தார் மாதிரி ஒட்டும். கை விலகத் தாமதமாவதால் ரோலர் இரண்டாவது சுற்றும் சுற்றிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் விரலில் கறுப்பாக இழுபடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் சுரண்டித் துடைத்து, அதே கனத்தில் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டினால் சரியாகிவிடும். கனம் அதிகமானால் கை முழுசாக இறங்காது, பேப்பர் எடுப்பதே நின்றுவிடும்.

ஸ்பேர்ஸ் கவுண்டர்:

நிறைய ஓடும் மெஷினுக்குத் தனித்தனியாக வாங்குவதைவிட மெயின்டனன்ஸ் கிட் மேல். லேசர்ஜெட் 4250, 4350க்கு க்யூ5422ஏ என்பது 220 வோல்ட் கிட். பியூசர், டிரான்ஸ்ஃபர் ரோலர், பிக்கப், ஃபீட் ரோலர்கள் எல்லாம் அதில் வரும். 2,25,000 பக்கத்துக்கு ஒருமுறை. கம்பேட்டிபிள் (வேறு கம்பெனி செய்யும் மாற்றுப் பாகம்) பற்றிக் கேட்டால் என் கணக்கு இதுதான்: ரோலர், பேட், கியர், புஷ் (உருளை முனையைத் தாங்கும் வளையம்) எல்லாம் வெர்னியர் அளவுகோலில் அளவு சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பியூசரிலும் டிரம்மிலும் மலிவைத் தேடாதீர்கள்.

காப்பியர் பராமரிப்பு:

பியூசர் மாற்றிய பிறகும் எரர் போகவில்லை என்று புது பாகத்தைத் திருப்பிக் கொண்டு வருபவர்கள் அதிகம். பாகத்தில் குற்றம் இல்லை. சூடு சம்பந்தப்பட்ட எரரைப் பாதுகாப்புக்காக மெஷின் மெமரியில் பூட்டி வைத்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் அழியாது. கேனனில் இ000 என்ற எரர் எண் வந்தால் சர்வீஸ் மோடில் ஃபங்க்ஷன், கிளியர், எர்ர் வரை போய் அழிக்க வேண்டும். பல ரிக்கோ மாடல்களில் எஸ்சி 541 முதல் 545 வரையிலான எரர் எண்களுக்கு, எஸ்பி 5-810 என்ற சர்வீஸ் மெனு எண்ணில் போய் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டும் சரியாக இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பூட்டை மட்டும் திறப்பது நெருப்போடு விளையாடுவது.

டெவலப்பர் (டோனரை ஏந்திச் செல்லும் காந்தப் பொடி) தனியாக உள்ள மெஷின்களில் புது டெவலப்பர் போட்டதும் டோனர் சென்சாரை ஒருமுறை இனிஷியலைஸ் செய்தே, அதாவது புது அளவுக்கு மாற்றியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் சென்சார் பழைய கணக்கிலேயே டோனரைக் கொட்டும். தாள் முழுக்கச் சாம்பல் படியும், உள்ளே பொடி பறக்கும்.

டோனர் ரீஃபில்:

டோனர் கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எச்பி, கேனனின் 12ஏ மாதிரியான கார்ட்ரிட்ஜில் இருப்பது இரும்பு ஆக்சைடு கலந்த காந்த டோனர். பிரதரில் இருப்பது காந்தமில்லாதது. ஒன்றை மற்றொன்றில் போட்டால் ரோலரில் ஒட்டாது, அல்லது உருகும் சூடு வேறுபட்டு பியூசரில் ஒட்டும். கார்ட்ரிட்ஜ் மேல் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, உதாரணமாக 12ஏக்கு 2,000, தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருக்கும் கணக்கு. லெட்டர்ஹெட்டும் அட்டவணையுமாக அடிக்கும் அலுவலகத்தில் அவ்வளவு வராது. கார்ட்ரிட்ஜ் போலி என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.

பிரதரில் டிரம்மும் டோனரும் தனித்தனி. நீளவாக்கில் கறுப்புக் கோடு வந்தால் டிரம் வாங்கும் முன் டிரம் யூனிட்டின் உள்ளே இருக்கும் கம்பியைத் துடைக்கும் பச்சைத் தள்ளியை இரண்டு பக்கமும் சில முறை இழுத்துவிட்டு, அம்புக்குறி இருக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கே நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு வரும். டிரம் கவுண்டரை டிரம் மாற்றும்போது மட்டும் ரீசெட் செய்யுங்கள்.

காப்பியர் பராமரிப்பு:

டிரம் மாற்றும்போது அதைத் துடைக்கும் ரப்பர் பிளேடையும் மாற்றுபவர்கள் புது பிளேடின் ஓரத்தில் டோனரையோ அதற்கென்று விற்கும் லூப்ரிகண்ட் பவுடரையோ மெல்லியதாகத் தடவிவிடுங்கள். உலர்ந்த டிரம்மில் உலர்ந்த பிளேடு உரசினால் ரப்பர் ஓரம் மடங்கிக்கொள்ளும், அன்றைக்கே டிரம்மில் கீறல் விழும். தடவியபின் டிரம்மை அது சுற்றும் திசையில் மட்டும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் பவுடர் வேண்டும். இதெல்லாம் செய்யும் நேரத்தில் டிரம் வெளிச்சத்தில் கிடக்கக் கூடாது, மேலே கறுப்புத் துணியோ கனமான காகிதமோ போட்டு மூடியிருக்க வேண்டும்.